ரீச்சர் போனதும் தெரியாது, வந்ததும் தெரியாது

2020ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் பலர்மோ நகரின் வுச்சீரியாச் சந்தைக்கு மேலே, மூன்றாம் மாடி அறையொன்றில் இருந்து நாம் நடத்திய தமிழ் வகுப்பில் நடந்த ஒரு சங்கதியைச் சொல்லித்தான் இக்கட்டுரையைத் தொடங்க வேண்டியிருக்கிறது. எமக்கு வெட்கக்கேடான சங்கதி அது. ஆனாலும் இத்தாலிக்குப் புதிதாக வந்து, பிள்ளையை ரெலிபோன் முன்னால் இருத்திவிட்டு 'பிள்ளை படிக்குது' என்று நம்பிக்கொண்டு வேலைக்கு ஓடும் பெற்றோர் இதனை அறிந்திருப்பது நல்லது.

அன்று எமது ரீச்சர் ஸூம் வகுப்பில் ல, ழ, ள வேறுபாட்டை விளங்கப்படுத்திக்கொண்டிருந்தார். திரையில் இருபத்திரண்டு பெயர்கள். முகம் காட்டியவர்கள் நாலு பேர். மற்றையவர்கள் வெறும் கறுப்புப் பெட்டிகள். நடுவில் ரீச்சருடைய இன்ரநெற் அறுந்துபோயிற்று. பதறியடித்துக்கொண்டு பக்கத்து வீட்டாரிடம் இணைப்புக் கேட்டு வாங்கி மறுபடியும் உள்ளே வரப் பதினொரு நிமிடம் சென்றது. வந்து பார்த்தால் இருபத்திரண்டு பெயர்களும் வைத்த இடத்தில் வைத்தபடி இருக்கின்றன. "பிள்ளையள், எதிலை விட்டனான்?" என்று கேட்டார். சத்தமில்லை. கொஞ்ச நேரம் கழித்து ஒரு பிள்ளை மட்டும் "ஓம் ரீச்சர், விளங்குது" என்றது.

ரீச்சர் போனதும் தெரியவில்லை, வந்ததும் தெரியவில்லை. அன்றிரவு வகுப்பை நடத்தும் நாங்கள் ஐந்து பேரும் ரெலிபோனில் நெடுநேரம் கதைத்தோம். பிள்ளைகளைக் குறை சொல்வது சுலபம். முதலில் அதைத்தான் செய்தோம். பிறகுதான், பதினொரு நிமிடம் ஆசிரியர் இல்லாமலே நடக்கக்கூடிய வகுப்பு ஆசிரியர் இருக்கும்போது மட்டும் என்ன வகுப்பாக இருந்திருக்கும் என்ற கேள்வி வந்தது.

அந்த நாட்களை நினைவுபடுத்த வேண்டும். இத்தாலியில் 2020 மார்ச் 5ஆம் திகதி பள்ளிக்கூடங்கள் எல்லாம் மூடப்பட்டன. 10ஆம் திகதியில் இருந்து நாடு முழுவதும் வீட்டுக்குள் அடைந்தது. வுச்சீரியா என்ற பெயர் இறைச்சிக்கடையைக் குறிக்கும் பிரெஞ்சுச் சொல்லில் இருந்து வந்தது என்பர். சிசிலிக்காரர் வாயில் அதற்கு அமளி, கூச்சல் என்றும் பொருள் உண்டு. இரெனாத்தோ குத்தூசோ 1974இல் தீட்டிய ஓவியத்தில் காணும் அந்தப் பெருஞ்சந்தை எப்போதோ சுருங்கிவிட்டது. பகலில் சில மீன்கடைகள், இரவில் மதுச்சாலைகளும் இளைஞர் கூட்டமும் என்று ஆகிவிட்டது. ஆனாலும் சத்தத்துக்குக் குறைவிருக்கவில்லை. அந்தச் சத்தம் ஒரே நாளில் நின்றுபோனது.

1983க்குப் பிறகு இங்கே வந்து சேர்ந்த எம்மவர் பெரும்பாலும் வீட்டு வேலைகளையும் முதியோர் பராமரிப்பையும் நம்பி வாழ்பவர்கள். சிலருக்கு வேலை நின்றது. சிலருக்கு நிற்கவில்லை, நின்றால் பரவாயில்லை என்று பயந்து பயந்து போய்வந்தார்கள். வீட்டில் பிள்ளைகளுக்கு இத்தாலிப் பள்ளிக்கூடத்தின் தூர வகுப்பும் ரெலிபோனில், எமது தமிழ் வகுப்பும் ரெலிபோனில். அதுவும் வீட்டுக்கு ஒரு ரெலிபோன். இது எமது குறை மட்டுமல்ல. இத்தாலியில் மூன்றில் ஒரு குடும்பத்தில் கொம்பியூட்டரோ ரப்லெற்றோ இல்லை என்றும், தெற்கில் நூற்றுக்கு 40 குடும்பங்களுக்கு மேல் இதே நிலை என்றும் அரச புள்ளிவிபர நிறுவனமான இஸ்தாத் அந்த ஏப்ரலில் வெளியிட்டது.

நாம் செய்த பிழை என்னவென்றால், ஊரில் ரியூசன் கொட்டிலில் நூற்றைம்பது பேருக்கு ஒருவர் நின்று சொல்லிக்கொண்டே போவாரே, அதை அப்படியே தூக்கித் திரையில் வைத்ததுதான். கொட்டிலிலாவது வாத்தியாருடைய கண் எம்மில் விழும். பக்கத்தில் இருப்பவன் முழங்கையால் இடிப்பான். திரையில் அதுவும் இல்லை.

இந்த இடத்தில் எமக்கு உதவிக்கு வந்தவர் பலர்மோவில் இருந்து முப்பது கிலோமீற்றர் அளவில் மேற்கே வாழ்ந்து 1997இல் மறைந்த ஒரு மனிதர். எம்மில் ஒருவர் பராமரிக்கப் போகும் வீட்டில் இருக்கும் ஐயா ஓய்வுபெற்ற ஆசிரியர். எமது கதையைக் கேட்டுச் சிரித்துவிட்டு, "தனிலோ தொல்ச்சியைத் தெரியாமலா சிசிலியில் இருக்கிறீர்கள்?" என்று கேட்டாராம்.

தனிலோ தொல்ச்சி வட இத்தாலிக்காரர். 1952இல் திரப்பேத்தோ என்ற மீனவக் கிராமத்துக்கு வந்தார். அங்கே ஒரு குழந்தை பசியால் இறந்ததைக் கண்டு, இறந்த குழந்தையின் படுக்கையிலேயே கிடந்து உண்ணாவிரதம் இருந்தார். 1956இல் பார்த்தினிக்கோவில், வேலையில்லாத மக்களைக் கூட்டிப் பழுதடைந்த பாதை ஒன்றைக் கூலி கேளாமல் திருத்தினார். வேலைநிறுத்தத்தைத் தலைகீழாக்கிய இந்தப் போராட்டத்துக்காகச் சிறை வைக்கப்பட்டார். சிசிலியின் காந்தி என்று அவரைச் சொல்வார்கள். எமக்குத் தேவைப்பட்டது அவருடைய அரசியல் அல்ல, அவர் மக்களோடு பேசிய முறை. வட்டமாக இருப்பார்கள். ஒரு கேள்வி வைக்கப்படும். ஒவ்வொருவரும் தன் முறைக்குச் சொல்ல வேண்டும். எழுத்தறியாத மீனவருக்கும் படித்தவருக்கும் ஒரே நேரம். கூட்டத்தை நடத்துபவரே ஆகக் குறைவாகப் பேசுவார். மருத்துவிச்சி பிள்ளையைப் பெறுவதில்லை, பெறுவதற்குத் துணை நிற்கிறாள் என்று சோக்கிரதீசர் சொன்னதாக ஒரு கருத்து உண்டல்லவா, அதையே தொல்ச்சி ஒருவருக்கொருவர் மருத்துவிச்சியாக இருப்பது என்று விரித்தார். 1970களில் பார்த்தினிக்கோவுக்கு அண்மையில் மீர்த்தோ என்ற இடத்தில் அவர் ஆரம்பித்த கல்வி நிலையத்துக்கும், எப்படிப்பட்ட பள்ளிக்கூடம் வேண்டும் என்று முதலில் பெற்றோரையும் பிள்ளைகளையும் கேட்டுத்தான் திட்டம் போட்டார்.

அனுப்புவது வேறு, பரிமாறுவது வேறு என்பது அவர் வாழ்நாள் முழுவதும் சொல்லிவந்த விடயம். 1988இல் அவர் வெளியிட்ட நூலின் தலைப்பே 'அனுப்புவதில் இருந்து பரிமாறுவதற்கு' என்று பொருள்படும். எமது ரீச்சர் பதினொரு நிமிடம் காணாமல் போனது ஏன் தெரியவில்லை என்று அப்போது விளங்கியது. நாம் வானொலி நிலையம் நடத்திக்கொண்டிருந்தோம். கேட்பவர்கள் இருக்கிறார்களா என்று வானொலிக்குத் தெரியாது.

இதைக் கேட்டவுடன் எம்மில் ஒருவர், அப்படியானால் திரையே கூடாது, கொரோனா முடியும்வரை வகுப்பை நிறுத்துவோம் என்றார். அந்த ஐயாவிடமே அதற்கும் மறுமொழி இருந்தது. 1960 முதல் 1968 வரை இத்தாலியத் தொலைக்காட்சியில் அல்பேர்த்தோ மான்சி என்ற ஆசிரியர், எழுத்தறியாத பெரியவர்களுக்கு 'காலம் கடந்துவிடவில்லை' என்று பொருள்படும் நிகழ்ச்சியில் எழுத வாசிக்கக் கற்பித்தார். பெரிய தாளில் கரிக்கட்டியால் படம் கீறத் தொடங்குவார். என்ன படம் என்று பார்ப்பவர் ஊகிக்க ஊகிக்க எழுத்து வரும். அதைவிட முக்கியமானது, மக்கள் தனித்தனியே பார்க்கவில்லை. பெட்டி இருக்கும் இடத்தில் கூடி இருந்து பார்த்தார்கள். பல இடங்களில் பக்கத்தில் ஓர் ஆசிரியரும் இருந்து கொப்பியைத் திருத்தினார். பத்து இலட்சத்துக்கு மேற்பட்டோர் அந்த நிகழ்ச்சியின் துணையோடு ஆரம்பக் கல்விச் சான்றிதழ் பெற்றார்கள் என்று மதிப்பிடுகிறார்கள். திரைக்கு இந்தப் பக்கம் கை வேலை செய்தால் திரை தடையில்லை.

அடுத்த கிழமையில் இருந்து வகுப்பை மாற்றினோம். மாற்றியது ஒரே ஒரு விடயத்தைத்தான். ரீச்சர் தொடர்ந்து ஏழு நிமிடத்துக்கு மேல் பேசக்கூடாது. ஏழாவது நிமிடம் பிள்ளை ஏதாவது செய்ய வேண்டும்: எழுதிக் கமெராவுக்குக் காட்ட வேண்டும், அல்லது ஓடிப்போய் ஒரு பொருளை எடுத்துவர வேண்டும், அல்லது இன்னொரு பிள்ளையிடம் கேட்க வேண்டும். குசினியில் இருந்து 'ழ' வரும் பொருள் ஒன்று கொண்டுவரச் சொன்னபோது ஒருவன் வாழைப்பழமும் ஒருத்தி புழுங்கலரிசியும் கொண்டுவந்தார்கள். ஒரு சின்னவன் தன் தம்பியையே தூக்கிக்கொண்டு வந்து, "இவன் அழுறான் ரீச்சர்" என்றான். அந்த 'ழ' இன்றுவரை ஒருவருக்கும் மறக்கவில்லை.

இரண்டு பேர், மூன்று பேராகப் பிரித்துத் தனி அறைகளில் விடும் வசதி ஸூமில் இருக்கிறது. முதலில் தனியாக யோசி, பிறகு ஒருவரோடு கதை, பிறகு எல்லோருக்கும் சொல் என்ற இந்த ஒழுங்கை 1981இல் அமெரிக்காவின் மேரிலண்ட் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பிராங்க் லைமன் என்பவர் எழுதி வைத்தார். எமது அனுபவத்தில் 'பிறகு ஒருவரோடு கதை' என்பதுதான் உயிர். இருபத்திரண்டு பேர் முன்னால் வாய் திறக்காத பிள்ளை ஒருவர் முன்னால் திறக்கும். இலவச ஸூம் நாற்பது நிமிடத்தில் அறுந்துவிடும் என்று முன்பு சலித்துக்கொண்டோம். இப்போது அந்த நாற்பது நிமிடமே போதும் என்றாயிற்று. மிச்ச வேலை திரைக்கு வெளியே நடந்தது.

அந்த மிச்ச வேலையில் ஒன்றைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். வுச்சீரியாவில் பெரிய சட்டியில் அவித்து அங்கேயே வெட்டித் தரும் எட்டுக்கால் பிராணியை இங்கு பிறந்த எமது பிள்ளைகள் எல்லோருக்கும் தெரியும். இத்தாலியப் பெயரும் தெரியும், சிசிலிப் பெயரும் தெரியும். தமிழில்? ரீச்சர் விடையைச் சொல்லவில்லை. "வீட்டிலை, ஊரிலை ஆரிட்டையும் கேட்டு அடுத்த முறை சொல்லுங்கோ" என்று விட்டுவிட்டார். மூன்று நாளில் வட்ஸ்அப் வழியாக யாழ்ப்பாணம், மன்னார், முல்லைத்தீவு என்று அம்மம்மாக்களும் தாத்தாக்களும் எழுப்பப்பட்டார்கள். அடுத்த வகுப்பில் ஒரு பிள்ளை 'பேய்க்கணவாய்' என்றது. இன்னொன்று, இல்லை, 'சாக்குக்கணவாய்' என்றது. இரண்டு கட்சியாகப் பிரிந்து பெரிய சண்டை. "என்ரை அம்மம்மா மீன் விக்கிறவ, அவவுக்குத் தெரியாதே?" என்று ஒரு வழக்கு. ஊருக்கு ஊர் பெயர் மாறும் என்ற விடயத்தை நாம் ஒரு மணித்தியாலம் விரிவுரை செய்திருந்தாலும் அப்படி ஏறியிராது.

அந்தச் சண்டையில்தான் ஒரு சிறுவன் முதல்முறை வாய் திறந்தான். பதினொரு வயது. 2019 கடைசியில் தகப்பனிடம் தாயோடு வந்து சேர்ந்தவன். இத்தாலி மொழி பிடிபடுவதற்குள் பள்ளிக்கூடம் மூடிவிட்டது. தமிழ் வகுப்பிலும் கறுப்புப் பெட்டிதான். சோம்பேறி என்றே நாம் எண்ணியிருந்தோம் என்பதை ஒளிக்காமல் சொல்ல வேண்டும். அன்று அவன், "ரெண்டும் சரி" என்று தொடங்கி, கணவாயில் எத்தனை வகை, எது வலையில் வரும், எது கூட்டில் வரும் என்று பத்து நிமிடம் சொன்னான். கடற்கரைப் பிள்ளை. இங்கு பிறந்த பிள்ளைகள் ஒன்றன்பின் ஒன்றாகக் கேள்வி கேட்டார்கள். ரீச்சர் ஒரு சொல்லும் பேசவில்லை. தன் கமெராவை ஏன் மூடி வைத்திருந்தான் என்று பிறகு தாய் சொல்லித்தான் தெரிந்தது. ரெலிபோன் தாயுடையது. அவர் வேலைக்குப் போகும்போது அதைக் கொண்டுபோக வேண்டும். வகுப்பு நாளில் பக்கத்து அறைக் குடும்பத்தின் பழைய ரெலிபோனை இரவல் வாங்குவான். அதில் கமெரா வேலை செய்யாது. நாம் ஒருநாளும் கேட்கவில்லை. அவனும் சொல்லவில்லை.

அந்தத் தாய்தான் எம்மைக் கடுமையாகக் கண்டித்தவரும். "மீன் பேர் படிக்கவே நான் இவ்வளவு காசு கட்டி இஞ்சை கூட்டிக்கொண்டு வந்தனான்? கொப்பியைத் திறந்தா ஒண்டுமில்லை." இந்தக் கோபத்தை நாம் சும்மா தள்ளிவிடக் கூடாது. கடன்பட்டு, எல்லை கடந்து வந்த குடும்பத்துக்குப் பிள்ளையின் படிப்பு ஒன்றுதான் கையில் இருக்கும் முதல். நிறைந்த கொப்பி அதற்குக் கண்ணால் காணும் சாட்சி. விளையாட்டாகத் தெரிவது படிப்பாக இருக்க முடியுமா என்ற சந்தேகம் பெற்றோருக்கு மட்டும் உரியதல்ல. 2019இல் ஹாவார்ட் பல்கலைக்கழகத்தில் பௌதிகம் படித்த மாணவரை ஆராய்ந்தார்கள். நல்ல விரிவுரையை இருந்து கேட்டவர்கள் தாங்கள் கூடக் கற்றதாக எண்ணினார்கள். தாங்களே மோதிக் கணக்குப் போட்டவர்கள் குறைவாகக் கற்றதாக எண்ணினார்கள். சோதனை வைத்தபோது இரண்டாம் பகுதியினரே கூடிய புள்ளி எடுத்தார்கள். கேட்பது சுகம், செய்வது கரைச்சல். கரைச்சலைப் பிள்ளை 'விளங்கவில்லை' என்று எடுத்துக்கொள்கிறது. 2014இல் 225 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோது, விஞ்ஞான, கணிதப் பாடங்களில் விரிவுரை வகுப்பில் நூற்றுக்கு 34 பேர் அளவில் சித்தியடையாதிருக்க, மாணவர் தாமே செய்து படித்த வகுப்பில் அது 22 அளவுக்குக் குறைந்திருந்தது. இவை பல்கலைக்கழக மாணவரைப் பற்றிய ஆய்வுகள், எமது சின்னவர்களுக்கு அப்படியே பொருந்தும் என்று சத்தியம் பண்ண மாட்டோம். போக்கு அதுதான்.

'இதெல்லாம் வெள்ளைக்காரன் முறை' என்று சொன்ன பெரியவர் ஒருவருக்காக ஒரு குறிப்பு. எமது திண்ணைப் பள்ளிக்கூடங்களில் சின்னவர்கள் மணலில் விரலால் எழுதுவதைக் கண்டு, சென்னை எழும்பூரில் அநாதைச் சிறுவர் விடுதியை நடத்திய அன்ட்ரூ பெல் பாதிரியார் தன் பள்ளிக்கூடத்திலும் அதைப் புகுத்தினார். பெரிய பையன் சின்னவனுக்குச் சொல்லிக்கொடுக்கும் ஒழுங்கையும் அங்கே வளர்த்து, 1797இல் இலண்டனில் நூலாக வெளியிட்டார். அது 'மதராஸ் முறை' என்ற பெயரில் உலகம் சுற்றியது. தமிழ்நாட்டில் 2003இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கிப் பிறகு மாநிலம் முழுவதும் பரவிய செயல்வழிக் கற்றலிலும், அட்டைகளை வைத்துப் பிள்ளை தானே படியேறியது.

சரி, எல்லாம் நன்றாக நடந்ததா? இல்லை. எழுத்து அழகு கெட்டது. உறுப்பெழுத்தைத் திரையால் பழக்க முடியவில்லை. பென்சில் பிடிக்கும் விரலைப் பக்கத்தில் இருந்து திருத்தத்தான் வேண்டும். ஐந்து, ஆறு வயதுப் பிள்ளைகளுக்கு இருபது நிமிடத்துக்கு மேல் எந்த வித்தையும் எடுபடவில்லை. தனி அறைகளில் விட்ட சில பெரிய பெடியள் தமிழில் ஒரு சொல்லும் பேசாமல் இத்தாலியில் பந்தாட்டம் கதைத்துவிட்டு வந்தார்கள். ரீச்சர்மாருக்கு வேலை இரட்டிப்பு. ஏழு நிமிடப் பேச்சுக்குப் பின்னால் இரண்டு மணித்தியால ஆயத்தம் இருக்கிறது, அவர்களும் வீட்டு வேலை முடித்து வருபவர்கள்தான். அதனால் நேரடி வகுப்புத் திரும்பியதும் சனிக்கிழமைகளில் வகுப்பறைக்கே போய்விட்டோம். தூர ஊர்களில் சிதறியிருக்கும் குடும்பங்களுக்காக வெள்ளி மாலை மட்டும் ஸூம் வகுப்புத் தொடர்கிறது.

புதிதாக வந்திருக்கும் குடும்பங்களுக்குச் சில சொற்கள். வதிவிடப் பத்திரம் கையில் இல்லாவிட்டாலும் பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்க இந்நாட்டுச் சட்டம் இடம் தருகிறது. அதற்காகக் காத்திருக்க வேண்டாம். வீட்டில் கருவி இல்லையென்றால் பள்ளிக்கூடத்தில் வாய் விட்டுச் சொல்லுங்கள். 2020இல் பள்ளிக்கூடங்கள் அரச பணத்தில் ரப்லெற்றுகளை இரவலாகக் கொடுத்தன. கேட்டவருக்குக் கிடைத்தது, கூச்சப்பட்டவருக்குக் கிடைக்கவில்லை. கேட்கும் பழக்கம் இன்றைக்கும் பயன்படும். ரீச்சர் கேள்வி கேட்கும்போது பக்கத்தில் இருந்து காதுக்குள் விடை சொல்லாதீர்கள். எமக்கு அது நன்றாகக் கேட்கிறது. வகுப்பு முடிந்ததும் 'என்ன படிச்சனி?' என்று கேட்டால் 'ஒண்டுமில்லை' என்றுதான் வரும். 'இண்டைக்கு நீ என்ன கேட்டனி, ஆரிட்டைக் கேட்டனி?' என்று கேட்டுப் பாருங்கள். பிள்ளை உங்களிடம் ஊரில் உள்ள ஒரு பெயரையோ ஒரு வேலையையோ கேட்டு வந்தால், களைப்பாக இருந்தாலும் அஞ்சு நிமிடம் கொடுங்கள். இத்தாலி மொழியில் உங்களுக்குப் பிள்ளை மொழிபெயர்ப்பாளராக இருக்கும் வீட்டில், நீங்கள் தெரிந்தவராகவும் பிள்ளை கேட்பவராகவும் இருக்கும் நேரம் அது ஒன்றுதான் என்று சில தாய்மார் எமக்குச் சொன்னார்கள்.

அந்தக் கடற்கரைப் பிள்ளையைப் பற்றிக் கேட்பீர்கள். 2020 கோடையில் இத்தாலியில் ஏறத்தாழ எல்லாப் பிள்ளைகளையும் மேல்வகுப்புக்கு ஏற்றினார்கள், அவனையும் ஏற்றினார்கள். அடுத்த வருடம் மொழி தெரியாமல் மிகவும் சிரமப்பட்டான். மீன் பெயர் அதைத் தீர்க்கவில்லை. ஆனால் கூடப் படித்த இரண்டு பேர் பின்னேரங்களில் அவனோடு இருந்து இத்தாலிப் பாடம் சொல்லிக்கொடுத்தார்கள், அவன் அவர்களுக்குத் தமிழ்க் கட்டுரை திருத்தினான். இன்று வெள்ளிக்கிழமை வகுப்பில் சின்னவர்கள் குழு ஒன்றை அவன்தான் பார்த்துக்கொள்கிறான். போன மாதம் ஒருநாள், சந்தைப் பக்க யன்னலைத் திறந்து ரெலிபோனை வெளியே நீட்டி, "இப்ப கேக்கிற சத்தத்திலை எத்தினை பாஷை இருக்கெண்டு எண்ணி எழுதுங்கோ" என்றான். ஒன்பது பெட்டிகளில் ஒன்பது தலைகள் குனிந்து எழுதின. ஒருத்தி மட்டும் மைக்கைத் திறந்து, "அண்ணா, பிறேக் அடிக்கிற ஸ்கூட்டரையும் எண்ணிறதோ?" என்று கேட்டாள்.